வெங்கச்சாங்கல்லுக்குப் பளபளப்பு வரவில்லை

கீழக்கரையில் இருக்கிறேன். மாலை கோக்க, வெங்கச்சாங்கற்களை (குவார்ட்ஸ்) டம்ப்ளர் என்கிற கல் தேய்க்கும் மெஷினில் உருட்டி மணியாக்கப் பார்க்கிறேன். கடைசி மெருகில்தான் சிக்கல். ஈரத்தில் மின்னுகிற கல், காய்ந்ததும் மங்கிவிடுகிறது. ஓரங்களில் அடிபட்ட மாதிரி வெள்ளைத் தழும்பு.

மெஷின் ஒன்றரை கிலோ பிடிக்கும், ரப்பர் பீப்பாய், சுழல் வகை. தேய்க்கும் தூள் சிலிக்கன் கார்பைடு 60/90, 120/220, 500 (எண் கூடக் கூட நைசு), அப்புறம் மெருகுக்கு அலுமினியம் ஆக்சைடு. ஒவ்வொன்றும் ஒரு வாரம். பீப்பாயை முக்கால்வாசி நிரப்புகிறேன். இடையில் சோப்புத்தூள் போட்டு ஓடவிட்டாச்சு. போர் தண்ணீர் உப்பு என்பதால் கேன் தண்ணீருக்கும் மாறினேன். அதே கதை. பவளம், சிப்பி எதுவும் கலக்கவில்லை (பவளம் எடுப்பதே சட்டப்படி குற்றம், போட்டாலும் தேய்ந்து காணாமல் போகும்). கற்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க இடையில் போடும் பீங்கான் உருளைகள் மட்டும் வாங்கவில்லை, விலை யோசிக்க வைக்கிறது.

துளை போடும் முன் தெரிய வேண்டும்: பீங்கான் உருளை சேர்த்தால் போதுமா, இல்லை 500-இலிருந்தே மறுபடி ஓட்ட வேண்டுமா?