பிஎச் 4.5-இல் நின்றதாகச் சொன்ன டைட்ரேட்டர்

குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகக் காரத்தன்மை, அதாவது நீர் எவ்வளவு அமிலத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதைப் பார்த்து வருகிறேன். மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறும் துளியைக் கண்ணால் பிடித்துப் பழகிய எங்களிடம், அமிலத்தைத் தானே விட்டுக் குறித்த பிஎச்சில் நிறுத்தும் தானியங்கி டைட்ரேட்டர் வந்தபோது, முடிவுநிலை பிஎச் 4.5 என்ற ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்பினோம். வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் வரம்பு, குறைந்தபட்ச வேகம், நிறுத்த நிபந்தனை ஆகிய கட்டங்களில் இயந்திரத்தோடு வந்த எண்களை யாரும் தொடவில்லை.

கிணற்று நீரில் குறை தெரியவில்லை. 50 மில்லி மாதிரிக்கு 0.02 நார்மல் செறிவுள்ள கந்தக அமிலம் 12 மில்லி செலவானால் காரத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 240 மில்லிகிராம். கையால் செய்த விடையோடு அது ஏறக்குறைய ஒட்டியே வந்தது. உப்பு நீக்கிய ஆர்.ஓ. நீரில்தான் குட்டு வெளிப்பட்டது. கையால் 1.50 மில்லி போன மாதிரிக்கு இயந்திரம் 1.65 காட்ட, 30 என்பது 33 ஆகிவிட்டது. அமிலத்தை அளந்து விடும் பியூரெட்டைச் சந்தேகித்து, 10 மில்லி நீரை வெளியேற்றி எடை போட்டோம். அமிலத்தை சோடியம் கார்பனேட்டால் மறுபடி தரப்படுத்தினோம். இரண்டிலும் பிழையில்லை.

அச்சுத்தாளைக் கிழிக்கப் போன ஒரு நாள் தற்செயலாகத் திரையைப் பார்த்தேன். தாளில் 4.50 என்றிருக்க, திரையில் 4.4, 4.3 என்று இறங்கிக்கொண்டே போய் 4.1-க்கு அருகில் நின்றது. அமிலம் முன்பே விழுந்துவிட்டது. பிஎச்சை அளக்கும் எலக்ட்ரோடுதான் தாமதமாக வந்து சேர்ந்தது. கணக்குப் போட்டால், மிகையான 0.15 மில்லி அமிலம் பிஎச்சை ஏறத்தாழ அவ்வளவுதான் இறக்கும். 12 மில்லியில் ஒரு சதவீதமாக ஒளிந்துகொண்ட அதே பிழை 1.5 மில்லியில் பத்து சதவீதமாக நின்றது.

வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் வரம்பு முடிவுநிலைக்கு 0.5 முன்பாக என்று இருந்ததால், பிஎச் 5.0 வரை இயந்திரம் முழு வேகத்தில் ஊற்றியிருக்கிறது. அதை 2.0 ஆக்கினேன்; ஆர்.ஓ. நீர் சரியானது, கிணற்று நீரோ கால் மணி நேரம் இழுத்தது. நீரிலுள்ள பைகார்பனேட் பிஎச் 6.35-ஐ ஒட்டித்தான் பஃபராக, அதாவது பிஎச்சை எளிதில் மாறவிடாமல், நிற்கிறது என்பதால், பாதி அமிலம் சேரவேண்டிய கட்டத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. இப்போது 1.2. நிறுத்த நிபந்தனையை நிமிடத்திற்கு 20 மைக்ரோலிட்டர் என வைத்திருக்கிறேன், அதாவது 4.5-ஐத் தக்கவைக்கத் தேவைப்படும் அமிலம் அந்த அளவுக்குக் குறைந்தால்தான் டைட்ரேஷன் முடியும்.

எலக்ட்ரோடின் சரிவு (பிஎச் மாறும்போது அதன் மின்னழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்பது) 96 சதவீதம் என்று, பிஎச் தெரிந்த கரைசல்களில் செய்யும் பஃபர் சோதனை சொன்னதால் நிம்மதியாக இருந்ததை எங்கள் தவறாகவே கருதுகிறேன். சரிவு நன்றாக இருக்கும் எலக்ட்ரோடும் மந்தமாக இருக்கலாம்.

மறுமொழி 1

நான் பழச்சாற்றின் அமிலத்தன்மை பார்ப்பவன்; எங்கள் தொல்லை இதற்கு நேர் எதிரானது. 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு பிஎச் 8.1 வரை போகிறோம். துல்லியம் கூடும் என்றெண்ணி, அந்த மதிப்பில் 30 நொடி அசையாமல் நின்றால் மட்டுமே முடிக்குமாறு அமைத்திருந்தேன். திறந்த பீக்கரில் கலக்கி சுழலச் சுழலக் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து பிஎச்சை இறக்க, இயந்திரம் மேலும் ஒரு துளி விட, மறுபடி இறங்க, சிட்ரிக் அமிலத்தின் கணக்கில் சாற்றில் இல்லாத அமிலமும் ஏறியது. 10 நொடியாகக் குறைத்த பின் அடுத்தடுத்த மூன்று விடைகளும் ஒத்துப்போயின. மாம்பழக் கூழ் எலக்ட்ரோடின் துளையை அடைத்துக்கொள்வது தனிக்கதை.

மறுமொழி 2

ஐயா, அமிலம் விழும் முனை எலக்ட்ரோடுக்கு எந்தப் பக்கம் இருந்தது? எங்கள் கூடத்தில் எண்களையெல்லாம் மாற்றிக் களைத்த பிறகே, கலக்கியின் சுழற்சியில் அமிலம் பீக்கரைச் சுற்றிக் கலந்துவிட்டு எலக்ட்ரோடை அடையுமாறு முனையை நகர்த்தினோம். விடைகளின் சிதறல் அன்றே பாதியாகக் குறைந்தது.

முதல் பதிவர்

இதைப் படித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். எங்கள் முனை எலக்ட்ரோடை ஒட்டியே இருக்கிறது. நகர்த்திவிட்டு, நாளை ஆர்.ஓ. நீரில் ஐந்து முறை ஓட்டிப் பார்க்கிறேன்.