சி.எஸ்.ஆர்., டைவர்சிட்டி: உள்ளே இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தரமணிக்காரி:
வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் சென்னை அலுவலகத்தில் சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனியின் சமூகப் பொறுப்புப் பிரிவில் இருக்கிறேன். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு பலருக்கும் தெரிந்திருக்கும். 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். சொந்த ஊழியர்களுக்குச் செய்வது அந்தக் கணக்கில் சேராது. நியாயமான விதிதான், இல்லையென்றால் கேன்டீன் பில்லையே சமூகப் பொறுப்பு என்று எழுதிவிடுவார்கள்.

ஆனால் எங்களிடம் அது இப்படி வந்து நிற்கிறது: பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டப் பணம் கொடுத்தோம், திறப்பு விழாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தார். எங்கள் கட்டடத்தில் கேன்டீனுக்குப் போக இன்னும் படிதான். கேட்டால் "அது அட்மின் பட்ஜெட்" என்கிறார்கள். அட்மினில் கேட்டால் "டைவர்சிட்டி டீம்தான் கேட்கணும்" என்கிறார்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் என்று எல்லோருக்கும் இடம் இருக்கிறதா என்று பார்க்கும் டீம் அது. டைவர்சிட்டி டீமுக்கு பட்ஜெட்டே கிடையாது, போஸ்டர் மட்டும் உண்டு.

உங்கள் இடத்தில் எப்படி? கம்பெனி பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

காதால் படிப்பவன்:
எனக்குப் பார்வை இல்லை. சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஆன்லைனில் டைவர்சிட்டி பயிற்சி முடிக்கணும். அதைத் திறந்தால், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் என் ஸ்க்ரீன் ரீடர் "பட்டன், பட்டன், படம், பட்டன்" என்றே வாசித்துக்கொண்டு போனது. எந்தப் படத்துக்கும் விளக்கம் இல்லை. கடைசிக் கேள்வியில் சரியான படத்தை மவுஸால் இழுத்துப் பெட்டிக்குள் விடணுமாம். முடிக்கவில்லை என்று வாராவாரம் மெயில், மேனேஜருக்கும் நகல். அப்புறம் பக்கத்து சீட் தம்பி உட்கார்ந்து முடித்துக் கொடுத்தான். "அனைவரையும் அரவணைப்போம்" என்று என் பெயரில் சான்றிதழ் வந்தது. அவனுக்குத்தான் கொடுத்திருக்கணும்.

ஸ்க்ரீன் ரீடர் வாங்கியது தனிக்கதை. ஜாஸ் என்ற மென்பொருளைக் கேட்டேன், விலை அதிகம் என்று தயங்கினார்கள். சரி, என்.வி.டி.ஏ. என்று இன்னொன்று இருக்கிறது, அதைப் போடுங்கள், இலவசம், 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவரே எழுத ஆரம்பித்தது என்றேன். இலவசம் என்றதும் செக்யூரிட்டி டீமுக்குச் சந்தேகம் வந்துவிட்டது!

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி எல்லா நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிடணும். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அதில் ஒரு தொடர்பு அதிகாரி பற்றியும் சொல்லணும். எங்கள் இணையதளத்தில் தேடினேன், கொள்கை இருந்தது, அதிகாரி பெயரும் இருந்தது. அவர் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாகியிருந்தது. விடாமல் எழுதி, கடைசியில் பயிற்சி முழுவதையும் வேர்ட் ஃபைலாகக் கொடுத்தார்கள். மூன்றே பக்கம். இப்போது பார்வை உள்ளவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், சீக்கிரம் முடிகிறதாம்.

அந்தப் படிக்கட்டு விஷயத்துக்கும் இதே வழிதான் மேடம். எழுத்தில் கேளுங்கள், சட்டத்தின் பெயரைப் போட்டுக் கேளுங்கள்.

செங்கல்பட்டு அக்கா:
நான் பணம் வாங்கும் பக்கம். சின்ன தொண்டு நிறுவனம். பிப்ரவரி கடைசியில் போன் அடிக்க ஆரம்பிக்கும்: "மார்ச் 31-க்குள்ள செலவாகணும், என்ன திட்டம் வெச்சிருக்கீங்க?" 2021 ஜனவரித் திருத்தத்துக்குப் பிறகு இந்த அவசரத்துக்கே அவசியம் இல்லை. தொடரும் திட்டமாக இருந்தால் மீதியை 30 நாளில் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். ஆனால் பலருக்குத் தொடரும் திட்டமே வேண்டாம். ஒரே நாளில் முடிந்து போட்டோ வரணும்.

அதனால்தான் பள்ளிச் சுவரில் படம் வரைகிறார்கள். பஸ் நிறைய ஒரே நிற டி-ஷர்ட்டில் வந்து இறங்குவார்கள். நாங்கள் போகும் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார்: "போன வருஷம் வந்தவங்க மீன் வரைஞ்சாங்க, இந்த வருஷம் நீங்க அது மேலயே யானை வரைஞ்சுக்கோங்க. ஆனா கக்கூஸ் கழுவ ஒரு ஆள் போட்டு சம்பளம் குடுப்பீங்களா?"

அதுதான் நடக்காது. கேட்டால், சி.எஸ்.ஆர். செலவில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாதாம், சம்பளம் எல்லாம் அதில் வருமாம். உண்மையில் அந்த 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். வேலைகளைக் கவனிக்க ஆகும் செலவுக்கு. களத்தில் திட்டத்தை நடத்தும் எங்கள் ஆட்களின் சம்பளத்துக்கு இல்லை. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வருஷம் புது மேனேஜர் வந்துவிடுவார், மறுபடி முதலிலிருந்து.

பனியன் ஊர்:
சுவருக்கு யானையாவது கிடைத்தது. எங்க பக்கம், பனியன் ஆலைகள்ல, பெரிய பிராண்டுகளோட ஆடிட்டுங்க, அதாவது தொழிலாளர் நிலைமை எப்படின்னு பார்க்கிற சோதனை. வர்ற தேதி முன்னாடியே தெரியும். அன்னைக்கு கழிப்பறையில சோப்பு இருக்கும், முதலுதவிப் பெட்டியில பஞ்சு இருக்கும், பாத்ரூம் போக டோக்கன் கேட்க மாட்டாங்க. ஆடிட்டர் "ஏதாவது பிரச்னை உண்டாம்மா"ன்னு கேப்பார், சூப்பர்வைசர் பின்னாடியே நிப்பார். என்ன பதில் வரும்? அறிக்கையில பார்த்தா பெண் தொழிலாளர் சதவீதம் பிரமாதம். தையல் மிஷின்ல எல்லாம் பொம்பளைங்க, லைனுக்கு மேல நிக்கிறது எல்லாம் ஆம்பளைங்க.

இதுல நான் மதிக்கிறது, ஆலையில பாலியல் தொல்லையைத் தடுக்கப் போட்ட 2022 திண்டுக்கல் ஒப்பந்தம் ஒண்ணைத்தான். 2021 ஜனவரியில ஒரு தலித் இளம்பெண் தொழிலாளி கொல்லப்பட்டு, சூப்பர்வைசர் கைதான பிறகு வந்தது. தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், பெண்கள் நடத்துற சங்கம், ஆலை நிர்வாகத்தோட கையெழுத்துப் போட்டது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச்.னு மூணு வெளிநாட்டுத் துணிக் கம்பெனிங்களும் சேர்ந்தாங்க. தொழிலாளர்கள்லயே கண்காணிப்பாளர்கள், ஆலை மீறினா பிராண்டு ஆர்டர் விஷயத்துல நடவடிக்கை எடுக்கணும்னு சட்டப்படி கட்டுப்பாடு. ஆடிட்டர் வருஷத்துக்கு ஒரு நாள் வருவார். பக்கத்து மிஷின்ல உட்கார்ந்திருக்கிறவ தினமும் அங்கதான் இருப்பா.

சிறுசேரி ஷிஃப்ட்:
நான் பங்குச்சந்தையில் உள்ள கம்பெனியில் அறிக்கை தயாரிக்கிறவன். 2022-23 முதல் பெரிய 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள் பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் செபிக்கு பி.ஆர்.எஸ்.ஆர். என்ற சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை தரணும். அதில் நிரந்தரம், நிரந்தரமல்லாதவர் என்று தனித்தனி வரிசை உண்டு. எங்கள் விளம்பரத்தில் வரும் பெண்கள் சதவீதம் முதல் வரிசையிலிருந்து மட்டும். தரை துடைப்பவர்கள் இரண்டாவது வரிசையிலும் கிடையாது, அவர்கள் "வெண்டர் ஆட்கள்". எங்கள் மாடியில் வேலை செய்யும் அக்கா, கீழே இருக்கும் குழந்தைக் காப்பகத்தில் தன் பிள்ளையை விடலாமா என்று கேட்டார். காப்பகம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இருந்தாகணும் என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. எச்.ஆர். பதில்: "நம்ம எம்ப்ளாயீஸுக்கு மட்டும்." அந்தக் காப்பகத்தை தினமும் துடைப்பவரே அந்த அக்காதான்.

ராமாபுரம் டெஸ்க்:
நான் இருப்பது அமெரிக்கக் கம்பெனி. 2025 ஜனவரியில் டிரம்ப் வந்ததும் அங்கே அரசு டைவர்சிட்டி திட்டங்களை நிறுத்தச் சொல்லி ஆணை போட்டார். சில மாதத்தில் இங்கேயும் எங்கள் டீமின் பெயர் மாறியது, இணையப் பக்கம் காணாமல் போனது. நல்லவேளை, காப்பகமும் பாலியல் புகார் குழுவும் இந்தியச் சட்டத்தால் வந்தவை. மெயில் போட்டு எடுக்க முடியாது.

தரமணிக்காரி:
செங்கல்பட்டு அக்கா, அந்த 5 சதவீத விளக்கம் எழுத்தில் எங்காவது இருக்கிறதா? எங்கள் ஆடிட்டரும், சம்பளம் எல்லாம் அதில்தான் வரும் என்ற அதே பல்லவிதான். படிக்கட்டுக்கு இன்றைக்கே சட்டத்தைக் குறிப்பிட்டு மெயில் அனுப்பிவிட்டேன்.

செங்கல்பட்டு அக்கா:
இருக்கும்மா. கம்பெனி விவகார அமைச்சகத்தின் பொதுச் சுற்றறிக்கை 14/2021, ஆகஸ்ட் 25-ம் தேதி. கேள்வி-பதில் வடிவத்தில் இருக்கும், நிர்வாகச் செலவு பகுதியைப் பாருங்க. உங்க ஆடிட்டர் ஒத்துக்கிட்டா இங்கே வந்து சொல்லுங்க, அதைக் காட்டி நானும் நாலு கம்பெனியில சம்பளம் கேட்டுப் பார்க்கிறேன்.