ரிமோட்டில் கதவு திறக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடுகிறது

ஈரோட்டுக்காரன்:
வணக்கம். 2012 மாடல் பெட்ரோல் வண்டி. நேற்றுக் காலையிலிருந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜினும் பிடிக்கிறது, இரண்டே நொடியில் அணைந்துவிடுகிறது. மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு விடாமல் மின்னுகிறது. பேட்டரி புதிது. பக்கத்து மெக்கானிக் பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார். அம்மாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு இதில்தான் கூட்டிப் போகிறேன். மாற்றிவிடவா?

சேலம் வயர்மேன்:
பம்ப்பில் கை வைக்க விடாதீர்கள் சார். பிடித்த உடனே அணைவதும் அந்த விளக்கு மின்னுவதும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் இம்மொபிலைசர் மேல்தான், அதாவது சரியான சாவி இல்லாமல் வண்டியை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு அமைப்பு. சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி படிக்கவில்லை. ஸ்பேர் சாவி போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் கோளாறு சாவியில். அதிலும் அணைந்தால் சாவித் துளையைச் சுற்றியுள்ள ஆன்டெனா வளையம், அதன் கனெக்டர் இரண்டையும் பாருங்கள், அப்புறம் ஸ்கேனர் (கோளாறைப் படிக்கும் கருவி) போட்டுப் பார்க்கலாம். கொத்தில் வேறு வண்டிச் சாவி இருந்தால் கழற்றிவிடுங்கள், அதன் சிப்பும் குறுக்கிடும்.

ஈரோட்டுக்காரன்:
ஸ்பேர் சாவி தொலைந்து இரண்டு வருடம் ஆகிறது. ரிமோட்டில் கதவு திறக்கிறதே, சாவி எப்படிப் பழுதாகும்?

சேலம் வயர்மேன்:
ரிமோட் வேறு, சிப் வேறு. ரிமோட்டுக்குப் பட்டன் பேட்டரி வேண்டும். சிப்புக்குப் பேட்டரியே கிடையாது. வளையத்தின் காந்தப்புலத்திலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டுதான் பதில் சொல்லும், அதுவும் சில சென்டிமீட்டருக்குள். சாவி கீழே விழுந்ததா? கூடு மாற்றினீர்களா?

ஈரோட்டுக்காரன்:
முந்தாநாள் மாலை மாற்றினேன்! பட்டன் ரப்பர் கிழிந்திருந்தது. சாவியை மட்டும் பைக்கில் எடுத்துப் போய் ஒரு கடையில் புதுக் கூடு போட்டேன்.

கோவை மாமா:
தம்பி, பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிடாதே. சில சாவிகளில் சிப் ரிமோட் போர்டிலேயே இருக்கும், சிலவற்றில் கூட்டின் ஒரு மூலையில் தனியாகச் செருகியிருக்கும். கறுப்பாக, புளியங்கொட்டையை விடச் சின்னதாக இருக்கும். போர்டை மட்டும் மாற்றிவிட்டு அதை மறந்திருப்பார்கள்.

ஈரோட்டுக்காரன்:
பழைய கூடு சட்டைப் பையிலேயே கிடந்தது மாமா. பிளந்தால் நீங்கள் சொன்ன அதே கறுப்புத் துண்டு! புதுக் கூடு போட்ட சாவியின் தலையில் டேப் போட்டு ஒட்டித் திருப்பினேன். விளக்கு அணைந்தது, வண்டி ஐந்து நிமிடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேருக்கும் மிக்க நன்றி.

சேலம் வயர்மேன்:
மகிழ்ச்சி சார். ஓடுகிற சாவி கையில் இருக்கும்போதே இன்னொரு சாவி பதிந்து வையுங்கள். எல்லாச் சாவியும் போன பிறகு பதிவது பெரிய செலவு, சில வண்டிகளில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவையே கழற்ற வேண்டி வரும்.