‘எலாஸ்டிக்’ என்றால் ரப்பர் இல்லை, எஃகு

நெம்புகோல்:
வணிக ஆங்கிலம் பழகுகிறவர்களுக்காகப் ‘பேரேடு’ நேற்று நாற்பது சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் போட்டிருந்தார். மொமெண்டம், லெவரேஜ், ஃப்ரிக்‌ஷன், இனெர்ஷியா என்று இயற்பியலிலிருந்து வணிகத்துக்குப் போன சொற்கள். பதினோராவது சொல்லுக்கு வந்ததும் எனக்கு மேலே படிக்க மனம் வரவில்லை. “எலாஸ்டிக்: ரப்பர் மாதிரி நன்றாக இழுபடுவது. இயற்பியலிலும் வணிகத்திலும் ஒரே பொருள்” என்று எழுதியிருக்கிறார்.

ஒரே பொருளா? இயற்பியலில் ரப்பரைவிட எஃகுதான் எலாஸ்டிக். எஃகின் யங் குணகம், அதாவது நீட்ட முயன்றால் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதன் அளவு, ஏறக்குறைய 200 ஜிகாபாஸ்கல். சாதாரண ரப்பர் 0.1-ஐத் தொட்டாலே பெரிது. ஒரே அளவு கம்பியும் ரப்பரும் எடுத்து ஒரே விசையில் இழுத்தால் ரப்பர் முழம் நீளும், எஃகு நீண்டதே கண்ணுக்குத் தெரியாது. அந்த எஃகைத்தான் அதிக எலாஸ்டிக் என்கிறோம். வணிகத்தில் இது தலைகீழ். விலை 10 சதவீதம் ஏறித் தேவை 20 சதவீதம் விழுந்தால் எலாஸ்டிக். 2 சதவீதம்தான் விழுந்தது என்றால் இன்எலாஸ்டிக். எது அதிகம் அசைகிறதோ அதற்கு இங்கே அந்தப் பெயர். இரண்டும் ஒன்று என்று பழகுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அநியாயம்.

பேரேடு:
பட்டியல் போட எனக்கு இரண்டு வாரம் ஆனது. நாற்பதில் முப்பத்தொன்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஒன்றைப் பிடித்துக்கொண்டு அநியாயம் என்கிறீர்கள். பதினெட்டு வருடமாகக் கணக்கு வேலையில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு ரப்பர் பேண்டை இழுத்துக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்கிறார்கள். எஃகுக் கம்பியை எப்படி இழுத்துக் காட்டுவது? நீங்களே சொல்லுங்கள்.

நெம்புகோல்:
புரிய வைக்க முடியவில்லை என்பதற்காகத் தவறானதைச் சொல்லலாமா? எஃகுதான் எலாஸ்டிக். பதினொன்றாம் வகுப்பிலேயே கேட்கிற கேள்வி இது.

சொல்லாய்வு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இங்கே மூன்று குணங்கள் கலந்து கிடக்கின்றன. விசையை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புவது ஒன்று. எவ்வளவு தூரம் நீண்டு திரும்ப முடியும் என்பது இன்னொன்று. நீட்ட எவ்வளவு விசை வேண்டும் என்பது மூன்றாவது. எலாஸ்டிக் என்ற சொல்லின் அடிப்படை முதல் குணம். யங் குணகம் அளப்பது மூன்றாவதை, அதாவது விறைப்பை. வணிகச் சொல் திரும்புவதைப் பற்றிப் பேசுவதே இல்லை, எவ்வளவு அசைகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. எந்தப் பொருளில் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்தால் சண்டையே இருக்காது.

நெம்புகோல்:
பொருள் முடிவாகித்தான் இருக்கிறது. தகைவுக்கும் (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை) திரிபுக்கும் (நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்பது) உள்ள விகிதம் யாருக்கு அதிகமோ அவர் அதிக எலாஸ்டிக். எஃகு.

பேரேடு:
சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். எஃகு தன் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நீண்டதும் பெரும்பாலும் எல்லை முடிந்துவிடும். அதற்கு மேல் நீண்டால் நீண்டதுதான். ரப்பர் தன் நீளத்தைப் போலப் பல மடங்கு நீண்டும் திரும்பி வருகிறது. இப்போது சொல்லுங்கள், எது எலாஸ்டிக்?

நெம்புகோல்:
எஃகு.

மலர்விழி:
நான் பழகுகிற ஆள், அதனால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு நேர்காணலில் விலை ஏற்றம் பற்றிக் கேட்டார்கள். “எங்கள் பொருளுக்கு டிமாண்ட் எலாஸ்டிக், ஆகவே விலையை ஏற்றலாம், குறைந்த விற்பனை தானாகத் திரும்பி வந்துவிடும்” என்றேன். ரப்பர் இழுத்து விட்டால் திரும்புகிறதே, அப்படி நினைத்தேன். எதிரில் இருந்தவர் சிரித்துவிட்டார். எலாஸ்டிக் என்றால் வாங்குகிறவர்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், திரும்புவதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த வேலை கிடைக்கவில்லை.

கூடவே ஒரு சந்தேகம்: யீல்டு என்ற சொல் இயற்பியலிலும் வருகிறது, பத்திர முதலீட்டிலும் வருகிறது. இரண்டும் ஒன்றா?

நெம்புகோல்:
பார்த்தீர்களா பேரேடு? உங்கள் ரப்பர் ஒரு பெண்ணின் வேலையைத் தின்றிருக்கிறது. நான் சொன்னால் குறை கண்டுபிடிக்கிறான் என்பீர்கள், இப்போது பாதிக்கப்பட்டவரே சொல்கிறார். அவருக்கு அன்றைக்கு எஃகு என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

பேரேடு:
என் பட்டியல் நேற்றுத்தான் வந்தது, அவர் நேர்காணல் எப்போதோ நடந்தது. அது போகட்டும். எஃகும் விட்டால் திரும்பத்தான் செய்யும், அப்போதும் அவர் அதே தவறைத்தான் செய்திருப்பார். அவர் தவறுக்குக் காரணம் திரும்புவதை நினைத்தது. “நன்றாக இழுபடுவது” என்று மட்டும்தான் நான் எழுதினேன், திரும்புவது என்று எழுதவில்லை. என் வரியை மறுபடி படியுங்கள்.

நெம்புகோல்:
“இயற்பியலிலும் வணிகத்திலும் ஒரே பொருள்” என்ற வரியை நீங்கள் மறுபடி படியுங்கள்.

திணிவு:
பட்டியலில் என் கண்ணில் பட்டது வேறு. மொமெண்டத்துக்கு ‘நிறை பெருக்கல் திசைவேகம்’ என்று போட்டிருக்கிறீர்கள். நிறை என்றால் புவி இழுக்கும் விசை அல்லவா? திணிவு பெருக்கல் வேகம் என்றுதான் வரவேண்டும்.

பேரேடு:
ஐயா, என் பள்ளிப் புத்தகத்தில் மாஸ் என்றால் நிறை, வெயிட் என்றால் எடை.

திணிவு:
என் பள்ளிப் புத்தகத்தில் மாஸ் என்றால் திணிவு, வெயிட் என்றால் நிறை. தமிழில் படிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே புத்தகம் படித்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதாதீர்கள். நான் பள்ளியில் நிறை என்று எழுதி மதிப்பெண் இழந்தவன்.

பேரேடு:
நான் திணிவு என்று எழுதியிருந்தால் இழந்திருப்பேன்.

சொல்லாய்வு:
தமிழைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன், பழகுகிறவர்களுக்கு உண்மையிலேயே உதவும். ஆங்கிலத்தில் எலாஸ்டிசிட்டி என்ற ஒரே சொல் இரண்டு இடத்திலும் நிற்கிறது. தமிழில் இயற்பியலுக்கு மீள்தன்மை, பொருளியலில் தேவை நெகிழ்ச்சி. நம் மொழிபெயர்ப்பாளர்கள் வேறுபாட்டைக் கண்டு பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லைப் படிக்கும்போது தமிழ்ச் சொல் இரண்டையும் பக்கத்தில் எழுதிக்கொண்டால் மலர்விழிக்கு நேர்ந்த குழப்பம் வராது. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட பொருளியல் நூலில் தேவையின் எலாஸ்டிசிட்டியை விளக்கியபோது, தேவை எவ்வளவு அசைகிறது என்பதைத்தான் சொன்னார்.

நெம்புகோல்:
மார்ஷல் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். எஃகுதான் எலாஸ்டிக் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் சொல்லைத் திருப்பிப் போட்டார் என்றால் அது அவர் தவறு. மீள்தன்மை என்ற சொல்லும் என் பக்கம்தான். எஃகுக்குத்தான் மீள்தன்மை அதிகம்.

பேரேடு:
இப்போது மார்ஷலே தவறு. உங்களுக்கு வெளியே யாரும் சரியில்லை. போன மாதம் லெவரேஜ் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

நெம்புகோல்:
அந்த விவாதத்தில் நான் சொன்னது சரி. லெவரேஜ் என்பதை ‘லீவரேஜ்’ என்று உச்சரிக்கச் சொன்னீர்கள்.

பேரேடு:
பிரிட்டிஷ் உச்சரிப்பு லீவரேஜ். அமெரிக்க உச்சரிப்பு லெவரேஜ். இரண்டும் உண்டு என்றேன். நீங்கள் அகராதியைத் திறக்காமல் மூன்று நாள் சண்டை போட்டீர்கள், கடைசியில் பதில் சொல்லாமல் போய்விட்டீர்கள். அது எனக்கு மறக்கவில்லை.

நெம்புகோல்:
நான் போகவில்லை, வேலை இருந்தது. என் பெயரே நெம்புகோல், அந்தச் சொல்லை எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். நெம்புகோலில் சிறு முயற்சியால் பெரும் பாரம் தூக்கலாம், ஆனால் கை கீழே போகிற தூரம் அதிகம். வேலையில் லாபம் எதுவும் இல்லை. வணிகத்தில் என்ன செய்கிறார்கள்? கையில் 10 வைத்துக்கொண்டு 90 கடன் வாங்கி 100-க்கு முதலீடு செய்கிறார்கள். மதிப்பு 10 சதவீதம் ஏறினால் போட்ட பணம் இரட்டிப்பு. 10 சதவீதம் இறங்கினால் போட்டது மொத்தமும் போச்சு. இதை விளக்காமல் பட்டியலில் “லெவரேஜ்: பலம்” என்று ஒரு சொல்லில் முடித்திருக்கிறீர்கள். ஏழாவது சொல். அதையும் திருத்துங்கள்.

பேரேடு:
நேற்று பதினொன்று, இன்றைக்கு ஏழு. ‘நமக்கு லெவரேஜ் இருக்கிறது’ என்று பேரம் பேசும்போது சொன்னால் அங்கே பலம் என்றுதான் பொருள். கடனைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்திராதவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

நெம்புகோல்:
பன்னிரண்டு வருடம் தொழிற்சாலையில் இருந்துவிட்டுக் கொள்முதல் பிரிவுக்கு வந்தவன் நான். பேரம் பேசுவதுதான் என் அன்றாட வேலை. எஃகு வாங்கியிருக்கிறேன், ரப்பரும் வாங்கியிருக்கிறேன். எது எலாஸ்டிக் என்று எனக்குத் தெரியும்.

மலர்விழி:
யீல்டு பற்றி யாராவது சொல்லுங்களேன்.

திணிவு:
மொமெண்டத்தைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. பங்குச் சந்தையில் மொமெண்டம் என்கிறார்களே, அங்கே திணிவு எது? வேகம் மட்டும்தானே இருக்கிறது. நிறுவனம் பெரிதா சிறிதா என்பதைப் பெருக்குவதே இல்லை. அப்புறம் எப்படி அது மொமெண்டம்?

சொல்லாய்வு:
நல்ல கேள்வி. சந்தையில் அந்தச் சொல் ‘போகிற திசையிலேயே தொடர்ந்து போவது’ என்ற ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. ஜெகதீஷ், டிட்மன் இருவரும் 1993-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், முந்தைய சில மாதங்களில் நன்றாக ஏறிய பங்குகள் அடுத்த 3 முதல் 12 மாதங்களிலும் மற்றவற்றைவிட நன்றாகச் செயல்பட்டதாகக் காட்டினார்கள். அதில் திணிவுக்கு இடமில்லை. இயற்பியலில் வெளிவிசை இல்லாவிட்டால் உந்தம் மாறாது. சந்தையில் அப்படி ஒரு விதி கிடையாது. எலாஸ்டிக்கைப் போலவே இதுவும் பாதிப் பொருளோடு இடம் மாறிய சொல்.

திணிவு:
திணிவு என்ற சொல்லை நீங்களாவது பயன்படுத்தினீர்கள். நன்றி.

பேரேடு:
‘உந்தம்’ என்றும் எழுதினார். அது என் பட்டியலில் இருப்பது.

நெம்புகோல்:
பாதிப் பொருளோடு வந்தது என்று சொல்லி எலாஸ்டிக்கை மழுப்பாதீர்கள் சொல்லாய்வு. மொமெண்டத்தில் திசையாவது ஒன்றாக இருக்கிறது. எலாஸ்டிக்கில் பொருள் நேர் எதிராகத் திரும்பியிருக்கிறது. எஃகு குறைவாக அசைகிறது, அதனால் எலாஸ்டிக். தேவை குறைவாக அசைகிறது, அதனால் இன்எலாஸ்டிக். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு நாளாகச் சொல்கிறேன்.

பேரேடு:
ராபர்ட் ஹூக் 1678-இல் சுருள்வில்லைப் பற்றி எழுதியபோது, நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்றார். கூடவே நீள்வதும் திரும்புவதும்தான் அங்கே பேச்சு. விறைத்து நிற்பதற்குப் பரிசு கொடுக்கவில்லை.

நெம்புகோல்:
சுருள்வில் எதில் செய்கிறார்கள்? எஃகில்.

பேரேடு:
பேச்சை மாற்றாதீர்கள்.

நெம்புகோல்:
நீங்கள்தான் ஹூக்கைக் கொண்டுவந்தீர்கள்.

மலர்விழி:
மூன்றாவது முறை கேட்கிறேன். யீல்டு.

சொல்லாய்வு:
மன்னிக்கவும் மலர்விழி, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் செலுத்துவது, கொடுப்பது என்று பொருள். பிறகு விட்டுக்கொடுப்பது என்ற பொருளும் சேர்ந்தது. பத்திரத்தில் முதல் பொருள் இருக்கிறது: அது கொடுக்கும் வருமானம். 100 ரூபாய் முகமதிப்புள்ள பத்திரம் வருடம் 8 ரூபாய் வட்டி தருகிறது. அதைச் சந்தையில் 80 ரூபாய்க்கு வாங்கினால் நடப்பு யீல்டு 10 சதவீதம். விலை இறங்கினால் யீல்டு ஏறும். இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். பொருள் அறிவியலில் இரண்டாவது பொருள்: உலோகம் தாங்க முடியாமல் விட்டுக்கொடுக்கும் இடம். அதைத் தாண்டினால் விசையை எடுத்தாலும் பழைய வடிவம் வராது.

மலர்விழி:
மிக்க நன்றி. கொடுப்பது, விட்டுக்கொடுப்பது. இது எனக்கு மறக்காது. அப்படியென்றால் யீல்டுக்கு முன்னால் வரைதான் உலோகம் எலாஸ்டிக், சரியா?

பேரேடு:
மிகச் சரி. எஃகுக்கு அந்த இடம் எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது என்பதைத்தான் நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நெம்புகோல்:
எந்த விசையில் வருகிறது என்று பாருங்கள். சாதாரண எஃகுக்கே ஏறக்குறைய 250 மெகாபாஸ்கல் தகைவு வேண்டும். உங்கள் ரப்பர் அதற்கு வெகு முன்பே அறுந்து போயிருக்கும். நான் ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறேன், அறுபது சொற்கள். முதல் சொல் எலாஸ்டிக், எடுத்துக்காட்டு எஃகு.

திணிவு:
அதில் மாஸுக்கு என்ன போடப்போகிறீர்கள்?

நெம்புகோல்:
நிறை.

திணிவு:
அப்படியென்றால் நானும் ஒரு பட்டியல் போடுகிறேன்.

பேரேடு:
போடுங்கள். என் பதினோராவது வரி அப்படியேதான் இருக்கும், ஒரு எழுத்துகூட மாற்றமாட்டேன்.