மறு: பெர்ல் ரெஃபரன்ஸுக்கு ‘சுட்டு’

குழுவினருக்கு வணக்கம்.

பெர்ல் நிரல்மொழியில் ஒரு பொருள் நினைவகத்தில் இருக்கும் இடத்தைக் காட்டும் ‘ரெஃபரன்ஸ்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டதில் ‘மேற்கோள்’, ‘குறிப்பு’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. பெர்லுக்கு இரண்டும் ஒட்டாது. மேற்கோள் என்றால் பிறர் சொன்னதை எடுத்துக்காட்டுவது, குறிப்பு என்றால் எழுதிவைத்த துண்டு. இங்கே நடப்பது வேறு.

1994-இல் பெர்ல் 5 வந்தபோது சேர்ந்த வசதி இது. @ஊர் என்பது ஓர் அணி (அரே, மதிப்புகளின் வரிசை). \@ஊர் என்று எழுதினால் கையில் கிடைப்பது ‘ஊர்’ என்ற பெயர் அல்ல, அந்த அணியே இருக்கும் இடம். அச்சிட்டுப் பார்த்தால் அணி என்ற வகையும் அடைப்புக்குள் ஒரு பதினறும முகவரியும் வரும். அதோடு அந்த அணியைப் பிடித்துவைத்திருப்பவற்றின் எண்ணிக்கையில் ஒன்று கூடிவிடும். ‘மை’ (my) என்ற சொல்லைப் போட்டு அறிவித்த பெயர் தன் நிரல்பகுதியின் எல்லை தாண்டி மறைந்தாலும் அணி அழியாது. எண்ணிக்கை 0 ஆனால்தான் நினைவகம் விடுபடும். பெயரைச் சொல்லாமல் பொருளையே காட்டும் இந்த வேலையைத்தான் ‘அது’, ‘இது’ என்பவற்றில் அ, இ செய்கின்றன. எனவே ‘சுட்டு’. எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படித்தவர்களும் மலையாளவழியில் படித்தவர்களும் கலந்தே இருக்கிறார்கள். மலையாள இலக்கணத்திலும் சுட்டெழுத்து உண்டு என்பதால் இரு தரப்புக்கும் இது புதுச்சொல் இல்லை.

சி மொழியில் நினைவக முகவரியை வைத்திருக்கும் பாயிண்டரைச் ‘சுட்டி’ என்கிறோமே, குழம்பாதா என்று கேட்டிருந்தார்கள். சுட்டியோடு ஒன்றைக் கூட்டி அடுத்த இடத்துக்குப் போகலாம். சுட்டில் அது நடக்காது. இரண்டும் உறவுள்ள சொற்களாக இருப்பது நல்லதுதான்.

சரி, நிரலில் உள்ள பெயர்களைப் பதிந்துவைக்கும் சிம்பல் டேபிளுக்கு வருவோம். ‘பெயரேடு’ என்கிறேன். பாலக்காட்டில் ஒரு சித்தூர், ஆந்திரத்தில் ஒரு சித்தூர் இருப்பதுபோல, பேக்கேஜுக்கு (பெயர்களைப் பிரித்துவைக்கும் நிரல்பகுதி) ஒரு பெயரேடு இருப்பதால் ஒரே பெயர் இரண்டிலும் மோதாமல் இருக்கிறது. பெயரேட்டில் மாறியின் வகையைக் காட்டும் $, @, % எதுவும் இல்லாமல் வெறும் பெயர்தான் இருக்கும். அதற்கு எதிரே நிற்கும் டைப்குளோபை ‘கொத்து’ எனலாம்: மதிப்பு, அணி, ஹேஷ் (சாவி-மதிப்பு இணைகள்), செயற்கூறு என ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு அறை. *ஊர் = \@பட்டி; என்று எழுதினால் அணி அறை மட்டும் மாறும், மதிப்பு அறையில் உள்ள $ஊர் அப்படியே இருக்கும். வேறொரு மாட்யூலின் செயற்கூறு நம் நிரலில் பெயர் சொன்னதும் ஓடுவதும் இந்த வழியில்தான்.

‘மை’ மாறிகள் பெயரேட்டில் ஏறுவதில்லை. அதனால் சரத்தில் (எழுத்துத் தொடரில்) பெயரை வைத்துத் தேடும் சிம்பாலிக் ரெஃபரன்ஸுக்கு அவை அகப்படாது. ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற கண்டிப்பு அமைப்பு ரெஃபரன்ஸ்களில் தடுப்பதும் இந்த வகையைத்தான். அதற்குப் ‘பெயர்வழிச் சுட்டு’ போதும்.

முடிவாகாதது ஒன்று இருக்கிறது. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுட்டினால் எண்ணிக்கை 0-க்கு இறங்காமல் நினைவகம் கசியும். அதைத் தவிர்க்க ஒரு சுட்டை ‘வீக்கன்’ (பலவீனமாக்கல்) செய்கிறோமே, அந்தச் சுட்டு எண்ணிக்கையில் சேராது. ‘தளர்சுட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘எண்ணாச் சுட்டு’ என்பது வேலையை இன்னும் நேராகச் சொல்கிறதோ என்றும் படுகிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.