புதுப்பிப்பு: மொலி மீன்களின் வெள்ளைப் புள்ளி, 15ஆம் நாள்

இரண்டு கிழமைக்கு முன், என் மொலிகளின் உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள், இது பூஞ்சணமா என்று கேட்டிருந்தேன். பூஞ்சணமில்லை, இக் என்ற ஒட்டுண்ணி. லீற்றருக்கு 2 கிராம் கணக்கில் கல்லுப்பைக் கரைத்து இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஐந்தாம் நாளே புள்ளிகள் மறைந்துவிட்டன, ஆனால் அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். தோலை விட்டு விழுந்த ஒட்டுண்ணி தொட்டியின் அடியில் பெருகி, குஞ்சுகளாக நீந்தி வரும்போதுதான் உப்போ மருந்தோ அதைக் கொல்லும், அதனால் 12 நாள் விடாமல் வைத்திருந்தேன்.

ஒரு பெண் மொலிக்கு மட்டும் முதுகுச் செட்டையடியில் சேணம் போட்டது போலச் சாம்பல் வெள்ளைத் திட்டு. அது கொலம்னாரிஸ் என்ற பற்றீரியாவாகத்தான் இருக்க வேண்டும், இதையும் பூஞ்சணம் என்றே நினைத்துவிடுவோம். என் கேள்விக்குப் பதிலாகத் தண்ணீரைச் சூடாக்கச் சொன்ன அண்ணாவுக்கு: இக்குக்கு அது சரி, ஆனால் இந்தப் பற்றீரியா சூட்டில் இன்னும் வேகமாகப் பரவும். எங்கள் ஊர் கல்லடியின் வெயிலில் என் தொட்டி சும்மாவே 29 பாகை. அந்தப் பெண் மொலியை உடனே வேறு வாளிக்கு மாற்றியும் மூன்றாம் நாள் இறந்துவிட்டது, மனம் கனத்துப்போனது. மற்ற ஏழும் நன்றாகத் தீன் எடுக்கின்றன. இனிப் புது மீன் எது வந்தாலும் முதலில் 3 கிழமை தனி வாளியில்தான்.