நாலு மாட்டுச் சாணியை வச்சு பத்து மண்புழுத் தொட்டி ஓட்ட முடியுமா?

பாமணியாறு:
வணக்கம். மன்னார்குடி பக்கம். நாலு கறவை மாடு, வீட்டுக்குப் பின்னால 10 குழி காலி இடம், சம்பா வைக்கோல் சொந்தமா இருக்கு. மண்புழு உரம் போட்டு விக்கலாம்னு யோசனை. 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரத்துல பத்து சில்பாலின் (தடிச்ச பிளாஸ்டிக் படுதா) தொட்டி, கூடவே புழு தர்றோம், பெருகுற புழுவைத் திருப்பி எடுத்துக்கிறோம்னு ஒருத்தர் பேசுறார். களிமண் தரை, ஐப்பசியில கணுக்கால் அளவு தண்ணி நிக்கும். பத்துத் தொட்டிக்குச் சாணி காணுமா? எந்தப் புழு விடுறது? மழைக்கு என்ன பண்றது?

வெண்ணாற்றங்கரை:
தம்பி, முதல்ல சாணிக் கணக்கு. கறவை மாடு ஒண்ணு நாளைக்கு 10 முதல் 15 கிலோ சாணி போடும். மேய்ச்சல்ல விழுறது போக நாலு மாட்டுக்கு 40 கிலோ கைக்கு வந்தா மாசம் 1,200 கிலோ. நீங்க சொல்ற தொட்டியில ஒன்றரை அடி நிரப்பினா ஏறக்குறைய ஒரு டன் பாதி மக்கின கலவை பிடிக்கும். அதுல பாதிக்கு மேல சாணி இருக்கணும். மக்கும்போது எடை இறங்குறதையும் பார்த்தா, மாசத்துக்கு ஒரு தொட்டி, மிஞ்சினா ஒன்றரை நிரப்பலாம். ஒரு தொட்டி உரமாகி காலியாக 60 முதல் 75 நாள். ஆக, நாலு தொட்டிக்கு மேல உங்க சாணி தாங்காது. ரெண்டோட தொடங்குங்க. ஒரு ஐப்பசி, கார்த்திகையைத் தாண்டின பிறகு மத்த ரெண்டைப் போடுங்க.

களிமண் மேல நேராத் தொட்டி வைக்கவே கூடாது. தண்ணி நிக்கிற மட்டத்துக்கு மேல ஒரு அடி வர்ற மாதிரி மேடு கட்டி, அரை அடி உடைஞ்ச செங்கல், அது மேல 2 அங்குலம் மணல். ஒரு பக்கமா 2 அங்குலம் சரிவு கொடுத்து, தொட்டியோட வடிகால் துவாரம் அந்தப் பக்கம் வர்ற மாதிரி வைங்க. துவாரம் அடைச்சுக்கிட்டா மேல கை வச்சுப் பார்க்க ஈரம் சரியாத்தான் இருக்கும். அடியில அரை அடி கூழாகி அழுகிக் கிடக்கும். காத்து இல்லாம புழு எல்லாம் மேலேறி ஓரத்துல கூடும். துவாரத்துக்கு உள்பக்கம் ஒரு கை தேங்காய் நார் வச்சிடுங்க, அடைக்காது.

கொட்டகையோட நீளம் கிழக்கு மேற்கா இருக்கட்டும். வடகிழக்குச் சாரலுக்குக் கீத்துத் தட்டி. கூரையைக் காலோட சேர்த்துக் கம்பி போட்டு இறுக்குங்க. 2018 நவம்பர்ல கஜா என்ன பண்ணுச்சுன்னு மன்னார்குடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

புழுவுல, நம்ம வெக்கைக்கு யூட்ரிலஸ் யூஜினியேங்கிற இனம் நல்லாத் தின்னும், சீக்கிரம் பெருகும். ஐசீனியா ஃபெட்டிடா உருவத்துல சின்னது. சூடும் ஈரமும் ஏறி இறங்கினாலும் தாங்கும். வயல்ல உழும்போது புரள்ற புழு மண்ணைத் தின்னு ஆழத்துல வாழுற இனம், தொட்டிக்கு ஆகாது. தொட்டிக்கு 3 கிலோ விடுங்க. கிலோவுக்குச் சுமார் ஆயிரம் புழு இருக்கும்.

வைக்கோல்போர்:
அண்ணன் இடத்தைச் சொல்லிட்டார், நான் தீனியைச் சொல்றேன். அதிகமா புழு சாகுறது இங்கதான்.

வைக்கோலை முழுசாப் போடாதீங்க. சிலிக்கா அதிகம், தழைச்சத்து குறைவு. மாசக்கணக்குல அப்படியே கிடக்கும். 2, 3 அங்குலமா நறுக்கி, காஞ்ச வைக்கோல் ஒரு பங்குக்குப் பச்சைச் சாணி 4 பங்கு, எடைக் கணக்குல. சாணியைக் கரைச்சு வைக்கோலை நனைச்சு, தொட்டிக்கு வெளியில 3 அடி உயரத்துக்குக் குவிச்சு, சாக்கு போட்டு மூடுங்க. மூணாம் நாள் உள்ள கை வைக்க முடியாத சூடு வரும். 7ஆம் நாளும் 14ஆம் நாளும் புரட்டிப் போட்டா 20 நாள்ல ஆறிடும். இந்தச் சூட்டை வெளியில தீர்க்காம பச்சையாத் தொட்டியில கொட்டி, அன்னைக்கே புழுவை விட்டா ராத்திரியே வெளியில ஓடும், இல்ல வெந்து சாகும்.

விடுறதுக்கு முன்னால ஒரு சோதனை. கொட்டாங்குச்சியில அந்தக் கலவையைப் போட்டு மேல பத்துப் புழு வைங்க. கொஞ்ச நேரத்துல உள்ள இறங்கி, மறுநாளும் துடியா இருந்தா சரி. விளிம்பேறி வெளியே வரப் பார்த்தா இன்னும் ஒரு வாரம் ஆறவிடுங்க. புழு உடம்பு கோத்த மணி மாதிரி அங்கங்க சுருங்கியிருந்தா தீனி புளிச்சிருக்கு. மேல் தீனியை வாரி எடுத்துட்டுக் கிளறிக் காத்து விடுங்க.

வாழைத்தண்டு நல்ல தீனி, ஆனா முழுக்கத் தண்ணி; நறுக்கி ரெண்டு நாள் வாடவிட்டுச் சேருங்க. பேராவூரணி பக்கத்துலேர்ந்து தென்னை நார்க்கழிவு மலிவா வருதுன்னு இறக்கிடாதீங்க, காளான் வித்து போட்டு மக்க வைக்காம புழு அதைத் தொடாது. சாக்கடை கலக்கிற வாய்க்கால் ஆகாயத்தாமரையும் வேண்டாம். மாட்டுக்கு ஐவர்மெக்டின் மாதிரி குடற்புழு மருந்து கொடுத்தா, அந்தச் சாணியை ரெண்டு மூணு வாரத்துக்குத் தனிக்குழியில போடுங்க. இதை நிறையப் பேர் கவனிக்கிறதில்ல, நோய் வந்து புழு செத்துச்சுன்னு நினைச்சுக்கிறாங்க.

ஈரத்துக்கு அளவு: ஒரு பிடி அள்ளிப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரணும். ஒழுகினா அதிகம்.

களத்துமேடு:
புழுவைத் திருப்பி எடுத்துக்கிறோம்ங்கிற பேச்சை நம்பிப் பத்துத் தொட்டி போடாதீங்க சார். புழு வாங்க ஆள் தேடி வர்றது அபூர்வம், விலை போகுறது உரம். அதையும் நெல்லுக்குன்னு நினைக்காதீங்க. ஏக்கருக்கு 2 டன் பரிந்துரை; மாசம் 600 கிலோ எடுத்தா மூணு மாச உற்பத்தி ஒரு ஏக்கருக்கே காணாது, நெல் விவசாயிக்கு அந்த விலையும் கட்டாது. நர்சரி, மாடித்தோட்டம், பூச்செடி வைக்கிறவங்க, இவங்கதான் உங்க ஆள். 50 கிலோ மூட்டையை விட 2 கிலோ, 5 கிலோ பையில கிலோவுக்குக் கூடுதலா நிக்கும்.

பேர் போட்டுப் பையில விக்கிறதா இருந்தா 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணை அளவுகள் பொருந்தும்: ஈரப்பதம் 15 முதல் 25 சதவீதம், 90 சதவீதம் 4 மில்லிமீட்டர் சல்லடையில இறங்கணும். வேளாண் துறையில முன்னாடியே கேட்டு அனுமதி வாங்கிடுங்க. பயிற்சிக்கு நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குப் பக்கம்.

பாமணியாறு:
மூணு பேருக்கும் நன்றி. ரெண்டு தொட்டியோட நிறுத்திக்கிறேன். உரம் ஆயிடுச்சுன்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கிறது? சலிக்கும்போது புழு அடிபடாதா?

வெண்ணாற்றங்கரை:
மேல தேயிலைத்தூள் மாதிரி உருண்டை உருண்டையா வந்து, சாணி வாடை போய் மண்வாசம் அடிச்சா ஆயிடுச்சு. 4, 5 நாள் தண்ணியை நிறுத்துங்க. புழு அடிக்கு இறங்கும். மேல 3 அங்குலத்தை மட்டும் வழிச்சு, படுதாவுல கூம்பாக் குவிச்சு, வெளிச்சத்துல ஒரு மணி நேரம் விடுங்க. மிச்சப் புழுவும் கூம்போட அடிக்குப் போயிடும், மேலிருந்து அள்ளிச் சலிக்கலாம். வெயில்ல காய வைக்காதீங்க, நிழல் போதும்.

சலிச்சதை உடனே பையில அடைச்சா முட்டைக்கூடும் அதோட போயிடும். கடுகை விடக் கொஞ்சம் பெருசா, மஞ்சள் பழுப்புல இருக்கும். அதனால மூணு வாரம் நிழல்ல லேசான ஈரத்தோட குவிச்சு வச்சு, நடுவுல அங்கங்க எலுமிச்சை அளவு மக்கின சாணி உருண்டை புதைங்க. பொரிச்ச குஞ்செல்லாம் அந்த உருண்டைக்குள்ள வந்து சேரும். அப்படியே எடுத்து அடுத்த தொட்டியில விட்டுடலாம்.